மாலுமிகள் எழுதும் வானிலை



நீலகிரியிலுள்ள எங்கள் இத்தலாரிலிருந்து கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும், எங்கள் தேயிலைக்கும் உருளைக்கிழங்கிற்கும் வாழ்வளிப்பதும், சில ஆண்டுகளில் மண்சரிவை விளைவிப்பதும் கடலிலிருந்து வரும் மழையே. 2019 ஆகஸ்டில், எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்த தென்மேற்குப் பருவக்காற்றின் செயல் அது. ஆகவே, மலைமேல் வாழ்வோரும் கடலின் நிலையை அறிய வேண்டியவராகின்றனர். நடுக்கடலில் நிலையம் கட்டி ஆளை அமர்த்துவது எங்ஙனம்? அங்கே செல்பவை கப்பல்களே. அவற்றிலுள்ள அதிகாரிகள் ஊதியம் பெறாமல் வானைப் பார்த்து எழுதி அனுப்பும் குறிப்புகளைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

கப்பற் குறிப்புகளின் அருமையை முற்பட உணர்ந்தவர்களுள் ஒருவர், கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஒப்பிட்டு, காற்று சுழன்று வீசும் முறையை அவர் ஆராய்ந்தார். ‘சைக்ளோன்’ என்னும் சொல்லை 1848இல் வழங்கியவரும் அவரே. மாதலா ஆற்றங்கரையில் துறைமுகம் அமைத்தால் புயல் எழுப்பும் பேரலை அதை அழித்துவிடும் என்று 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு எழுதி எச்சரித்தார். அது செவியில் ஏறவில்லை. போர்ட் கேனிங் எழுந்தது. 1867ஆம் ஆண்டுப் புயலில் பாழாயிற்று. மாலுமிகள் எழுதிய வரிகளில் எத்தனை உயிர்களின் காப்பு அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே 1853இல், அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மாத்யூ மோரியின் முயற்சியால் பிரஸ்ஸல்ஸ் நகரில் பத்து நாடுகள் கூடின. எல்லாக் கப்பல்களும் ஒரே முறையில் வானிலையைக் குறிக்க வேண்டும் என்பதே அங்கு எழுந்த எண்ணம். நம் நாட்டில் 1864ஆம் ஆண்டின் கொடும் புயல்களும், அதன்பின் வந்த பஞ்சங்களும் அரசை விழிக்கச் செய்தன. 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றிற்று. அந்நாளில் கப்பல் கரை சேர்ந்த பின்னரே அதன் குறிப்பு பிறர் கைக்கு எட்டும். கம்பியில்லாத் தந்தி வந்த பிறகுதான், நடந்ததைக் கூறும் வரலாறாக இருந்த குறிப்பு, நடக்கப்போவதை உணர்த்தும் எச்சரிக்கையாக மாறியது.

இனி, இப்பணி நடைபெறும் முறையைக் காண்போம். சென்னை, மும்பை, கொல்கத்தா, கொச்சி, விசாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களில் வானிலைத் துறைக்கு அலுவலகங்கள் உண்டு. இப்பணிக்கு இசைந்த கப்பல்களுக்கு அத்துறை கருவிகளை இரவலாகத் தருகிறது. காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 என நம் நேரப்படி நான்கு வேளைகளில் காற்று, அழுத்தம், வெப்பம், மேகம், அலை ஆகியவற்றைக் குறித்துச் சுருக்கக் குறியீட்டில் அனுப்புவார்கள். உலகக் கப்பல்கள் அனைத்திற்கும் வேளை ஒன்றே.

கப்பல் துறைமுகத்தை அடைந்ததும் வானிலை அதிகாரி மேலேறிச் சென்று, காற்றழுத்தமானியைத் தம்மிடமுள்ள செம்மையான கருவியோடு ஒப்பிடுகிறார். இதில் ஏன் இத்தனை கண்டிப்பு? உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். கடல்மட்டத்தில் ஏறத்தாழ 1010 மில்லிபாராக இருப்பது, உதகையின் உயரத்தில் 780 அளவிற்கு இறங்கிவிடுகிறது; மலையில் சோறு வேக நேரமாவது அதனாலன்றோ! கப்பலிலும் 8 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிபார் குறையும். கருவி நீர்மட்டத்திற்கு மேல் 32 மீட்டர் உயரத்தில் இருந்தால், 4 மில்லிபார் கூட்டி எழுத வேண்டும். வெப்பமண்டலக் கடலில் அழுத்தம் இயல்பைவிட 3 மில்லிபார் தாழ்ந்தாலே புயலோ என்று ஐயுற வேண்டும் என்பது மாலுமிகளின் விதி. அத்திருத்தத்தை மறந்தால் இல்லாத புயல் தோன்றும். கருவியே தவறாக மிகுத்துக் காட்டினாலோ, இருக்கும் புயல் மறைந்துபோகும்.

செயற்கைக்கோள் இருக்கும்போது இவை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மேகச் சுழலை அது தெளிவாகக் காட்டும். கடல் மேற்பரப்பின் காற்றழுத்தத்தைச் செம்மையாக அளக்க இன்றும் மிதவைகளும் கப்பல்களுமே வேண்டும். இங்கே ஒரு முரண்பாடும் உண்டு. எச்சரிக்கை கேட்ட கப்பல் புயலை விட்டு விலகிச் செல்கிறது, அதுவே முறை. ஆனால், செய்தி மிகவும் தேவைப்படும் இடத்தில் கப்பல்கள் மிகக் குறைந்துவிடுகின்றன. ஆகவே, புயலின் ஓரத்தில் செல்லும் ஒரே கப்பலின் குறிப்பும் பொன்போன்றது. 1980களின் நடுவில் உலகெங்கும் 7,700 அளவில் இருந்த இத்தகைய கப்பல்களின் தொகை பின்னர் பெரிதும் குறைந்துவிட்டது கவலைக்குரியதே.

தன்னார்வலருக்கு ஆணையிட இயலாது. கற்பித்தல், கருவியைச் செம்மை செய்தல், செய்தி அனுப்பும் செலவை ஏற்றல், நன்கு பணிபுரிந்த கப்பலைப் பாராட்டுதல் ஆகியவையே நிர்வாகத்தின் வழிகள். இவை அனைத்திற்கும் அடிப்படையாக ஒரு விதி உண்டு: பார்க்காததை எழுதாதே. காணாத அளவிற்கு உரிய இடத்தில் எண்ணை இடாமல் சாய்கோடு இடுவதே குறியீட்டின் ஒழுங்கு.

மாணவர்களே, உங்கள் பள்ளி மழைமானிக்கும் இவ்விதி பொருந்தும். மழை இல்லை என்று கண்டு எழுதும் சுழியம் ஓர் உண்மை. மழைமானியைப் பார்க்காமல் எழுதும் சுழியம் ஒரு பொய். இரவு 11.30 மணிக்கு, எவரும் காணாத நடுக்கடலில், உறக்கத்தை ஒதுக்கிக் கருவியருகே நிற்கும் இளம் அதிகாரி உண்மை எண்ணை எழுதுகிறார் என்னும் நம்பிக்கையின்மேல்தான், கரையோரக் குடிசையும் மலைச்சரிவு வீடும் இரவில் உறங்குகின்றன.