அமைதியான கடலா? உஷார்!

நண்பருடன் அந்தமான் போகிறீர்களா? அங்கே பருவமழை, கேரளாவுக்கு முன்பாக, மே மாதமே வந்துவிடும். 2018ல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில், மழைத் தூறலில் நண்டு துரத்தலாம். மணல் வீடு கட்டலாம். ஆனால், கடலில் இறங்கும் முன் இதைப் படியுங்கள்.

மழைக்காலத்தில் பெரிய அலைகள் கரைக்குக் கொண்டு வரும் தண்ணீர், குறுகிய வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்பும். இதற்கு, 'ரிப் கரன்ட்' என்று பெயர். இரு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரிகிறதா? அந்த இடம்தான் ஆபத்து!

சிக்கிக் கொண்டால், கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்து விடுவீர்கள். அது உங்களை அடியில் இழுக்காது. கரையிலிருந்து தள்ளித்தான் கொண்டு போகும். பதறாமல் மிதந்தபடி, கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். முடிந்தால், கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள்.

நண்பர் சிக்கினால்? பின்னாலேயே குதிக்காதீர்கள், காப்பாற்றப் போனவரே மூழ்கியதும் உண்டு! சத்தம் போட்டு, உயிர் காப்பாளரையும், பெரியவர்களையும் அழையுங்கள். பந்து, மூடிய காலி தண்ணீர் கேன் என, மிதக்கும் பொருளை வீசுங்கள்.

சிவப்புக் கொடி பறக்கிறதா? கரையிலேயே விளையாடுங்கள். கடல் எங்கும் ஓடிப் போகாது குட்டீஸ்!