கால் மைல் அகலக் கடதாசி

வங்கியின் பணம் வழங்கும் இயந்திரத்துள் அட்டையைச் செருகியவுடன், எந்த மொழி வேண்டும் என்று அது நம்மை வினவுகின்றது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்றனுள் ஒன்றைத் தொடுகின்றோம். அடுத்த கணமே வேறு கட்டங்கள் திரையில் தோன்றுகின்றன. மீதியை அறிவதற்கு ஒன்று, பணம் எடுப்பதற்கு ஒன்று, எதுவும் வேண்டாமென்று திரும்புவதற்கு ஒன்று. கைத்தொலைபேசியிலும் இதே காட்சிதான். இன்ன கட்டம் இன்ன இடத்தில், இன்ன அளவில் இருத்தல் வேண்டுமென்று யாரோ ஒருவர் எங்கோ இருந்து தீர்மானித்திருக்கின்றார். அவர் அவற்றை எதன்மேல் அடுக்கிப் பார்த்தார் என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

சித்திரக்காரனுக்குத் துணித்திரை இருக்கின்றது. அச்சுக்கூடத்தில் பக்கம் கட்டுபவருக்குச் சட்டமும் மேசையும் உண்டு. கணினித் திரையை அமைப்பவருக்கோ நெடுங்காலம் அத்தகைய ஒன்று இருக்கவில்லை. அவர் எண்களையே எழுதினார். இடமிருந்து 120, மேலிருந்து 80, அகலம் 90, உயரம் 25 என நான்கு எண்களைத் தட்டெழுதி, கட்டளைகளை இயக்கிப் பார்ப்பார். பொத்தான் சற்றுத் தாழ்ந்திருந்தால் 80ஐ 76 ஆக்கி மீண்டும் இயக்குவார். இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாடசாலை வரைபுத் தாளில் நிலைக்குத்தச்சின் எண்கள் மேல்நோக்கி வளர்கின்றன. கணினித் திரையிலோ பெரும்பாலும் உற்பத்தி இடப்பக்க மேல்மூலையில் இருக்கும். எண்கள் கீழ்நோக்கி வளரும். பழைய திரைகளில் இலத்திரன் கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாகச் சென்ற வழக்கத்தின் எச்சம் இது. (சட்டையில் இருப்பதை நாம் தெறி என்கின்றோம். திரையில் இருப்பதற்குப் பொத்தான் என்ற பெயரே நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.)

எண்களோடு மாரடிக்கும் இந்த வேலைக்கு மாற்றாக, ஒரு கற்பனைத் தாளை விரித்து அதன்மேல் பொருள்களைக் கையால் வைத்தும் நகர்த்தியும் பார்க்கலாம் என்பதைச் செய்து காட்டியவர் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்கர். 1938இல் நெப்ராஸ்கா மாநிலத்திற் பிறந்த அவர், மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் மாணவராய் இருந்து, 1963 சனவரியில் தமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அப்போது அவருக்கு வயது 24. ஆய்வை மேற்பார்த்தவர் தகவற் கோட்பாட்டின் தந்தை எனப் போற்றப்படும் குளோட் சனன். லிங்கன் ஆய்வுகூடத்திலிருந்த டி.எக்ஸ்-2 என்னும் பெருங்கணினியின் முன் அமர்ந்து, ஒளிப்பேனை ஒன்றைத் திரையிலே தொட்டுத் தொட்டு அவர் கோடுகள் வரைந்தார். அவர் இயற்றிய நிகழ்நிரலின் பெயர் ஸ்கெட்ச்பாட்.

அவருக்குக் கிடைத்த திரை மிகச் சிறியது. ஏழு அங்குலச் சதுரம். ஆனால் தாளைத் திரையின் அளவுக்குச் சுருக்க அவர் இசையவில்லை. படம் கணினியின் நினைவகத்தில் எண்களாக இருக்கின்றது; திரை அதனைப் பார்க்கும் ஒரு சாளரம் மாத்திரமே என்று கொண்டார். சாளரத்தை இரண்டாயிரம் மடங்கு வரையிற் பெருக்கியும் சுருக்கியும் பார்க்கலாம். ஏழு அங்குலத்தை இரண்டாயிரத்தாற் பெருக்கினால் 14,000 அங்குலம், அஃதாவது ஏறத்தாழக் கால் மைல். கைக்குட்டையளவும் இல்லாத கண்ணாடித் துண்டொன்றின் ஊடாகக் கால் மைல் அகலமுள்ள கடதாசியின்மேல் அந்த இளைஞர் வரைந்துகொண்டிருந்தார்!

இதன் கணக்கு ஒன்றும் கடினமானதன்று. தாளில் ஒரு பொத்தானின் மூலை கிடையாக 3,000, நிலைக்குத்தாக 1,200 என்னும் ஆள்கூற்றில் இருப்பதாகக் கொள்வோம். நமது சாளரத்தின் மேல்மூலை தாளில் 2,800, 1,100 என்னும் இடத்தில் நிற்கின்றது. பெருக்கம் இரண்டு மடங்கு. முதலிற் கழித்தால் 200, 100. பின்னர் இரண்டாற் பெருக்கினால் 400, 200. திரையில் அந்த இடத்திலேயே பொத்தான் தோன்றும். நாம் விரலால் திரையைத் தொடும்போது கணினி இதே வழியில் திரும்பிச் செல்லும். 400, 200 என்னும் இடம் தொடப்பட்டது. முதலில் இரண்டால் வகுத்துப் பின்னர் 2,800ஐயும் 1,100ஐயும் கூட்டினால் 3,000, 1,200. ஆகவே தொடப்பட்டது அந்தப் பொத்தான்தான் எனத் தெளிகின்றது. போகும்போது கழித்துப் பெருக்கியது, வரும்போது வகுத்துக் கூட்டப்படல் வேண்டும். இவ்வரிசை பிறழ்ந்தால் ஒன்றைத் தொட வேறொன்று திறக்கும். கைத்தொலைபேசியில் தேசப்படத்தை விரலால் இழுத்தும் விரித்தும் பார்க்குந்தோறும் உள்ளே நடப்பது பெரும்பாலும் இவ்வளவே.

சதர்லாந்தின் ஆய்விலே இதனினும் பெரிய கருத்துகள் இரண்டு இருந்தன. மூலவடிவம் ஒன்றை வரைந்து அதன் பிரதிகளைத் தாளெங்கும் வைத்துவிட்டால், பின்னர் மூலத்தை மாற்றியதும் பிரதிகள் யாவும் தாமே மாறும் என்பது ஒன்று. மற்றையது நிபந்தனை. நாற்கோடுகளைக் கோணலாகவே வரைந்துவிட்டு, ‘இவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருத்தல் வேண்டும்’ என்று கட்டளையிட்டால், கணினி தானே அவற்றை நிமிர்த்திச் செவ்வகமாக்கிவிடும். இடத்தை எண்ணாற் சொல்லாமல் உறவாற் சொல்லும் இம்முறையை உலகம் உடனே கைக்கொள்ளவில்லை. அதனால் நேர்ந்த இடரைத் தமிழ் வாசகர் அறிதல் நன்று. அதற்குப் பின்னர் வருவோம்.

அப்பிள் நிறுவனம் 1984இல் மக்கின்டொஷ் கணினியை வெளியிட்ட பின்னர், சாளரமும் பொத்தானும் சாதாரண மக்களுக்கும் பழகின. அக்காலத்திற் பிரான்சு நாட்டின் கணினி ஆய்வு நிறுவனமாகிய இன்ரியாவிற் பணியாற்றிய ழான்-மாரி உல்லோ என்பார், பொத்தான்களையும் எழுத்துப் பெட்டிகளையும் சுட்டியால் இழுத்து வைத்துத் திரையமைக்கும் கருவியொன்றை ஆக்கினார். பின்னர் அவர் ஸ்டீவ் ஜொப்சின் நெக்ஸ்ட் நிறுவனத்திற் சேர்ந்து அதனை விரிவாக்கினார். இடைமுகம் கட்டுபவர் என்னும் பொருளில் இன்டர்பேஸ் பில்டர் என்று அது பெயர் பெற்றது. அதன் சிறப்பு யாதெனில், தாளின்மேல் வைக்கப்படுவது பொத்தானின் படமன்று, உயிருள்ள பொத்தானே. வைத்த கோலத்திலேயே அதனை உறையவைத்துக் கோப்பிற் சேமித்து, நிகழ்நிரல் தொடங்கும்போது உருகவைத்து எழுப்புவர். எந்தப் பொத்தான் எந்த வேலையைத் தூண்டவேண்டும் என்பதையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோடிழுத்தே சொல்லிவிடலாம். சுவிற்சர்லாந்தில் சேர்ன் ஆய்வுகூடத்திலிருந்த டிம் பேர்ணர்ஸ்-லீ, 1990ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் உலகின் முதலாவது வலை உலாவியை எழுதியது நெக்ஸ்ட் கணினி ஒன்றிலேதான்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கரான அலன் கூப்பர் என்பார் திரையமைக்கும் கருவியொன்றைத் தனியே ஆக்கி, 1988இற் பில் கேற்சுக்குக் காட்டினார். மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. பேசிக் மொழியுடன் இணைத்து, 1991இல் விசுவல் பேசிக் என்னும் பெயரில் வெளியிட்டது. வெற்றுப் படிவம் ஒன்று, பக்கத்திலே கருவிப்பெட்டி ஒன்று. வேண்டியதை எடுத்துப் படிவத்தில் வரைந்து, அதன்மேல் இருமுறை தட்டினால், அப்பொத்தானுக்குரிய கட்டளைகளை எழுதும் இடம் திறக்கும். கணினி விஞ்ஞானம் முறையாகக் கற்காதவர்களும் கணக்கேடுகளும் மாணவர் பதிவேடுகளும் இதனால் ஆக்கினர். ஓர் அங்குலத்தை 1,440 கூறுகளாக்கி அந்நுண்ணளவாற் பொருள்களின் இடம் குறிக்கப்பட்டது. மயிரிழை பிசகாத துல்லியம்! அத்துல்லியமே பின்னர் வினையாயிற்று.

ஆங்கிலத்திற் ‘சேவ்’ என்பதற்கு நான்கெழுத்துகள் போதும். அச்சொல் கச்சிதமாக அடங்கும்படி பொத்தானுக்கு நிலையான அகலத்தைக் குறித்துவிடுகின்றார் அமைப்பாளர். அதே இடத்திற் ‘சேமிக்க’ என்று தமிழில் எழுத முனையும்போது சொல் நெரிகின்றது. ‘கான்சல்’ இருந்த இடத்தில் ‘இரத்துச் செய்க’ என்பது புகவே மறுக்கின்றது. எஞ்சிய எழுத்துகளைக் கணினி வெட்டிவிடும். அல்லது மூன்று குற்றுகளை இட்டு நிறுத்திவிடும். அழகு குறைந்தது, அவ்வளவுதானே எனச் சிலர் கருதலாம். தமிழின் வாக்கிய அமைப்பை அறிந்தவர் அவ்வாறு கருதார். நம் மொழியில் வினை இறுதியில் வரும். மறுப்பும் இறுதியிலேயே வரும். ‘நீக்க வேண்டாம்’ என்னும் பொத்தானின் வாலை வெட்டினால் எஞ்சுவது ‘நீக்க’. ‘அனுப்ப விரும்பவில்லை’ என்பது ‘அனுப்ப’ என நிற்கும். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் முன்னே வருவதால், வால் போனாலும் பொருள் தலைகீழாவதில்லை. தமிழிலோ, பேரப்பிள்ளைகளின் படங்களைக் கைத்தொலைபேசியில் வைத்திருக்கும் பாட்டியார் ஒருவர், காப்பதாக எண்ணி அழித்துவிடக்கூடும். அழிப்பதென அஞ்சிக் காப்பதைத் தொடாமலும் விடக்கூடும்.

உயரத்திலும் இத்தொல்லை உண்டு. நமது ஈகாரக் கொம்பு மேலேறும். ‘து’, ‘நு’ முதலியவை கீழிறங்கும். உரோம எழுத்துக்கு அளந்த பெட்டியின் மேல்விளிம்பிற் புள்ளி மறைந்துவிட்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும். அச்சிற் புள்ளி விழாவிட்டால் ஆசிரியர் கண்டிப்பார். திரையில் விழுந்தால் கண்டிப்பார் எவருமில்லை.

இதற்கெல்லாம் மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவது வழக்கமாகிவிட்டது. அது நீதியன்று என்பது எனது எண்ணம். அமைப்பாளர் முன்னே தாள் விரிந்திருக்கின்றது. மொழிபெயர்ப்பாளரிடம் போய்ச் சேர்வதோ பெரும்பாலும் சொற்பட்டியல் ஒன்று மாத்திரமே. ‘ஓப்பன்’ என்று ஒரு சொல் தனியே நிற்கின்றது. அது ‘திறக்க’ என்னும் பொத்தானா, ‘திறந்துள்ளது’ என்னும் அறிவிப்பா? அச்சொல்லுக்குரிய கட்டம் எவ்வளவு அகலம்? பக்கத்தில் என்ன இருக்கின்றது? தாளைக் காணாதவர் இவற்றை எவ்வாறு அறிவார்? சொல்லை மாத்திரம் கொடுத்து இடத்தை மறைப்பது, ஆளைக் காட்டாமற் சட்டைக்கு அளவெடுக்கச் சொல்வது போன்றது.

சதர்லாந்து 1963இற் காட்டிய நிபந்தனை முறையிலே தீர்வு கிடந்தது. 1979இல் அலன் போர்ணிங் என்பார் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் திங்லாப் என்னும் ஆய்வு நிகழ்நிரலால் அதனை வளர்த்தார். அவரும் கிரெக் பாட்ரோஸ், பீற்றர் ஸ்ரக்கி என்போரும் 1990களின் பிற்பகுதியில் ஒரு கணித முறையை ஆக்கி, அதற்குக் கசோவரி என்னும் பறக்காத பறவையின் பெயரைச் சூட்டினர். அம்முறையிற் பொத்தானின் இடம் எண்ணாகச் சொல்லப்படுவதில்லை. ‘இப்பொத்தானின் இடவிளிம்பு, முன்னுள்ள சொல்லின் வலவிளிம்பிலிருந்து எட்டு அலகு தள்ளி இருக்க’ என்பது ஒரு சமன்பாடு. ‘பொத்தானின் அகலம் அதனுள் இருக்கும் சொல்லின் அகலத்தினும் குறையாதிருக்க’ என்பது ஒரு சமனிலி. இவ்வாறு பலவற்றைக் கூறியபின், எல்லாவற்றையும் ஒருங்கே தீர்த்து இடங்களைக் கண்டுபிடிப்பது கணினியின் பொறுப்பு. எல்லாம் ஒத்துப் போகாதவிடத்து எது கட்டாயம், எது விருப்பம் எனத் தரவரிசையும் கொடுக்கலாம். சொல் வெட்டுண்ணக்கூடாது என்பது கட்டாயமானால், இரண்டு பொத்தான்களும் ஒரே அகலமாயிருக்க வேண்டும் என்னும் விருப்பம் விட்டுக்கொடுக்கும். அப்பிள் நிறுவனம் 2011இல் தனது கணினிகளிலும், மறு ஆண்டிற் கைத்தொலைபேசிகளிலும் இம்முறையைப் புகுத்தியது. ஸ்கெட்ச்பாட்டிலிருந்து கணக்கிட்டால் நாற்பத்தெட்டு ஆண்டுகள்! நல்ல கருத்தொன்று அவ்வளவு காலம் ஆய்வேடுகளுள் உறங்கியது வியப்புத்தான்.

இன்று தாள் எல்லையற்றதாகிவிட்டது. 2016இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிக்மா போன்ற கருவிகளில், வெவ்வேறு நாட்டிலிருப்போர் வலை உலாவியின் ஊடாக ஒரே தாளின்மேல் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றனர். மொழிபெயர்ப்பாளரையும் அத்தாளுக்கு அழைப்பதற்குத் தடை எதுவுமில்லை. திரை முற்றாவதற்கு முன்னரே, ஒவ்வொரு சொல்லையும் வேண்டுமென்றே நீட்டிப் போலிச்சொல்லாக்கி, எங்கே வெட்டுப்படுகின்றது என்று பார்க்கும் சோதனையொன்றும் மென்பொருள் ஆக்குவோரிடையே உண்டு. மும்மொழியிலும் திரை ஆக்குவோர் இச்சோதனைக்குத் தமிழ்ச் சொற்களையே கொடுத்தால் போலிச்சொல்லும் வேண்டியதில்லை.

வீட்டிலிருக்கும் மாணவர்கள் இதனைக் கணினியின்றியே செய்து பார்க்கலாம். பெரிய கட்டக் கடதாசியொன்றை மேசையில் விரித்து, படிவம் ஒன்றுக்குரிய பெட்டிகளையும் பொத்தான்களையும் சிறு அட்டைகளாக வெட்டி அதன்மேல் அடுக்குக. தடித்த மட்டையிற் கைத்தொலைபேசியளவு சாளரம் ஒன்றை வெட்டி, அதனைக் கடதாசியின்மேல் நகர்த்திப் பார்த்து, ஒவ்வொரு நிலையிலும் பொத்தான்களின் ஆள்கூற்றைக் குறித்துக்கொள்க. ஒருவர் ஆங்கிலச் சொற்களுக்கு அளவாகப் பொத்தான்களை வெட்டட்டும். மற்றவர் அதே பொத்தான்களில், அதே எழுத்தளவில், தமிழ்ச் சொற்களை எழுதட்டும். எழுத்துகள் விளிம்பைத் தாண்டும் இடத்திற் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, எஞ்சியதை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கொடுத்து, இதனைத் தொட்டால் என்ன நடக்குமென்று கேட்டுப் பாருங்கள்.