த கிராஜுவேட் (இசைத்தொகுப்பு)

த கிராஜுவேட் என்பது மைக் நிக்கோல்ஸ் இயக்கத்தில் 1967 ஆம் ஆண்டு வெளிவந்த அதே பெயருடைய அமெரிக்கத் திரைப்படத்தின் இசைத்தொகுப்பு ஆகும். இதனை 1968 சனவரியில் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் இணையரின் நாட்டார் ராக் பாடல்களும் டேவ் குருசினின் பின்னணி இசையும் இதில் அடங்கியுள்ளன.

பின்னணி

நாட்டார் பாடல்களின் எளிய மெட்டை மின்கித்தார், டிரம்ஸ் ஆகியவற்றோடு இணைப்பது நாட்டார் ராக் எனப்படும். "த சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்" பாடல் 1964 இல் இக்கருவிகள் இன்றியே வெளியானது. 1965 இல் தயாரிப்பாளர் டாம் வில்சன், பாடகர்கள் அறியாமலேயே அவற்றைச் சேர்த்தார். அவ்வடிவமே 1966 சனவரியில் பில்போர்டு தரவரிசையில் முதலிடம் பெற்றது.

திரைப்படத்தில் பயன்பாடு

படத்தொகுப்பின்போது தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட பழைய பாடல்களே இறுதி வடிவத்திலும் நிலைத்தன. விமான நிலையத்தின் நகரும் நடைபாதையில் நாயகன் பேசாது நிற்கும் காட்சியில், அவனது தனிமையை "த சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்" பாடலே உணர்த்துகிறது. புதிய பாடலான "மிசஸ் ராபின்சன்" அப்போது முழுமை பெற்றிருக்கவில்லை. எனவே இத்தொகுப்பில் அதன் பகுதிகள் மட்டுமே உள்ளன. முழுப்பாடல் 1968 ஏப்ரலில் "புக்கெண்ட்ஸ்" தொகுப்பில் வெளியானது.

வரவேற்பு

இத்தொகுப்பு 1968 இல் பில்போர்டு இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1969 இல் சைமனுக்கும் குருசினுக்கும் திரையிசைக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. முன்னரே வெளியான பாடல்களைக் கதைமாந்தரின் மனநிலையை உணர்த்தப் பயன்படுத்தும் முறைக்கு இது முக்கிய எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.