யூதர்களோடு கடவுள் செய்த உடன்படிக்கை முடிஞ்சுபோச்சா? வத்திக்கான் சொல்வது என்ன?

இயேசு வந்த பிறகு, யூதர்களோடு கடவுள் செய்த உடன்படிக்கை என்ன ஆச்சு? 'அது காலாவதி, இனி திருச்சபைதான் புதிய இஸ்ரேல்' என்பதே பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்கள் பலரின் பதில். யூத வெறுப்புக்கு இதுவும் தீனி போட்டது.

மனைவியையும் மகளையும் நாஜிக்களிடம் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் ஐசக், 1960-ல் போப் 23-ம் ஜானை நேரில் சந்தித்து முறையிட்டார். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதர்களைக் கடவுள் கைவிட்டதாகச் சொல்லக் கூடாது என அறிவித்தது. ஆதாரம் புதிய ஏற்பாட்டிலேயே இருந்தது: ரோமர் 11-ம் அதிகாரம்! 1980-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், அந்த உடன்படிக்கை ரத்தாகவே இல்லை என்றார் போப் 2-ம் ஜான் பால்.

அப்போ யூதர்களுக்கு இயேசு தேவையில்லையா? இங்கதான் சிக்கல். மீட்புக்கு இரண்டு தனித்தனி வழிகள் கிடையாது என்கிறது 2015 வத்திக்கான் ஆவணம். கூடவே, யூதர்களை மதம் மாற்றத் தனி மிஷன் நடத்துவதில்லை என்றும் சொல்கிறது. ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? அது கடவுளின் மறைபொருள் என்று ஆவணமே விட்டுவிடுகிறது.