சாரதிகளுக்கான எழுத்துப் பரீட்சை: மனனம் மட்டும் போதுமா?

சாரதி அனுமதிப்பத்திரம் பெற விரும்பும் இளைஞர், யுவதிகள் பலருக்கு எழுத்துப் பரீட்சை எவ்வாறேனும் விரைவில் தாண்டிவிட வேண்டிய ஒரு தடையாகவே தென்படுகின்றது. பழைய வினாத்தாள்களைத் தேடிப்பெற்று, விடைகளை ஓரிரு இரவுகளில் மனனஞ் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே அவற்றை மறந்துவிடும் போக்கு எம்மிடையே வேரூன்றியுள்ளது. வீதி விபத்துகளில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைப் பல ஆண்டுகளாக இழந்துவந்த ஒரு நாட்டில் இதனைச் சிறிய விடயமாகக் கருதுவதற்கில்லை.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் பின்னர் செய்யப்பட்ட அதன் திருத்தங்களுமே இந்நாட்டில் அனுமதிப்பத்திரம் வழங்கும் முறைமைக்கு அடிப்படையாகும். மருத்துவச் சான்றிதழ் பெற்று விண்ணப்பிக்கும் ஒருவர் முதலில் எழுத்துப் பரீட்சைக்குத் தோற்றுகின்றார். ஒரு மணித்தியாலத்தில் நாற்பது பல்தேர்வு வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அதிற் சித்தியடைந்தவருக்கே பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கின்றது. ஆகவே, ஸ்டியரிங்கைப் பிடித்து வீதியில் இறங்குமுன் ஒருவரது அறிவை அரசு சோதிக்கும் ஒரே சந்தர்ப்பம் இதுவாகும்.

வீதிச் சமிக்ஞைகளை ஒவ்வொன்றாக மனனஞ் செய்வோர் குழம்பிப்போவது இயல்பு. அவற்றின் வடிவத்துக்கும் நிறத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டென்பதை அறிந்துகொண்டால் பாதிச் சுமை குறைந்துவிடும். சாய்சதுர வடிவிலான மஞ்சள் பலகை முன்னே உள்ள ஆபத்தை எச்சரிக்கின்றது. சிவப்பு வளையமிட்ட வட்டம் ஒன்றைச் செய்யாதே எனத் தடுக்கின்றது. நீல வட்டம் இதனைச் செய் எனப் பணிக்கின்றது. 'நிறுத்து' என்பதற்கு எண்கோணமும், 'வழிவிடு' என்பதற்குத் தலைகீழ் முக்கோணமும் ஒதுக்கப்பட்டதற்குக் காரணமுண்டு. எழுத்து அழிந்தாலும், பின்புறமாகப் பார்த்தாலும் அவ்வடிவங்களை வேறொன்றுடன் மாறிக் கருத முடியாது.

வேக எல்லை பற்றிய வினாக்களும் அத்தகையனவே. நகர்ப்புறத்தில் காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது வெறும் இலக்கமன்று. அவ்வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் சுமார் 14 மீற்றரைக் கடக்கின்றது. குறுக்கே பாயும் சிறுவனைக் கண்டு பிறேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் சென்றால், வேகம் குறைய ஆரம்பிக்கும் முன்னரே அந்த 14 மீற்றரும் கழிந்துவிடும். வேகம் 70 ஆகும்போது அது 19 மீற்றரைத் தாண்டும். அதற்கு மேலாக, பிறேக் பிடித்தபின் வாகனம் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப அதிகரிப்பதால் ஏறத்தாழ இரு மடங்காகின்றது. மழையில் நனைந்த வீதியில் இன்னும் கூடும். இக்கணக்கை விளங்கிக்கொண்டவர் இடைவெளி பற்றிய எவ்வினாவுக்கும் தடுமாறமாட்டார்.

கொழும்பில் வாழ்வோருக்கு இப்பாடங்களைக் கற்கப் புத்தகம் மட்டுமே துணையன்று. பொரளையில் கனத்தைச் சுற்றுவட்டத்தின் ஓரத்தில் கால்மணி நேரம் நின்று பார்த்தால், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதி எத்தனை தடவை மீறப்படுகின்றது என்பது புலனாகும். சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையை அண்டிய வீதிகளில், 'மஞ்சள் கோடு' என மக்கள் வழக்கில் நிலைத்துவிட்ட பாதசாரிக் கடவையின் பெறுமதி விளங்கும். நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாய்க்கு அக்கடவை ஒன்றே பாதுகாப்பு. வெள்ளவத்தையின் கடலோரப் புகையிரதப் பாதையும், துறைமுக லொறிகள் நெருக்கும் கொட்டாஞ்சேனை வீதிகளும் அவ்வாறே பாடம் புகட்டுவன.

தமிழ்மொழி மூலம் தோற்றும் தமிழ், முஸ்லிம் பரீட்சார்த்திகளுக்கு மேலும் ஓர் இடர் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. தமிழில் பரீட்சை எழுதுவது எமது உரிமை. ஆனால், கொழும்பில் வாகனம் செலுத்தக் கற்பிப்போர் பலர் சிங்களத்திலேயே விளக்குகின்றனர். வீட்டில் 'ஓவர்டேக்', 'சிக்னல்' என்றே பேசுகின்றோம். வினாத்தாளில் 'முந்திச்செல்லல்', 'சமிக்ஞை' என்ற சொற்களைக் கண்டதும் விடை தெரிந்தவரும் தயங்குகின்றார். எனவே, தமிழில் வெளியான கைந்நூலை முன்கூட்டியே வாசித்து, பேச்சுவழக்குச் சொல்லையும் அதற்குரிய பரீட்சைச் சொல்லையும் அருகருகே எழுதிப் பழகுவது பெரிதும் பயன்தரும். வினாத்தாளின் தமிழ் எளிமையாகவும் பிழையின்றியும் அமைவதை உறுதிசெய்யும் பொறுப்பு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உரியது.

இவ்வுரிமை எங்கும் கிடைப்பதன்று. பிரித்தானியாவில் எழுத்துப் பரீட்சையின்போது தமிழ் உட்பட 19 மொழிகளில் வழங்கப்பட்டுவந்த குரல்வழி உதவி 2014ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அங்கே காணொளியைப் பார்த்து ஆபத்தை முன்கூட்டியே இனங்காணும் சோதனையும் 2002 முதல் நடைமுறையிலுள்ளது. அங்குள்ள எம்மவர்கள் அந்நிய மொழியில் இவற்றையெல்லாம் கற்றுச் சித்தியடைகின்றனர். தாய்மொழியில் எழுதும் வாய்ப்புள்ள நாம் குறுக்குவழி தேடுவது எவ்விதத்திலும் பொருத்தமானதன்று.

பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அதற்கு முன்னர் அவர்களுடன் அமர்ந்து கைந்நூலை ஒரு தடவையேனும் வாசிக்க வேண்டும். 'இவ்விதி ஏன்?' என்று அவர்களிடம் வினவ வேண்டும். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை பரீட்சையிலும் சித்தியடையும். வீதியிலும் பத்திரமாகத் திரும்பி வரும். காரணம் தெரியாமல் விடையை மட்டும் ஒப்புவிக்கும் பிள்ளையை இன்னும் சில வாரங்கள் படிக்கவிடுவதே மேலானது.