கதவைச் சாத்திவிட்டால் ஆபத்து போய்விடுமா?

மாலை 7 மணி தாண்டிவிட்டது. டியூஷனுக்குப் போன பெண்ணை இன்னும் காணோம். தாய்க்கு அடுப்படியில் கை ஓடவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்கும் நடையாய் நடக்கிறாள். கடையில் இருக்கும் தகப்பனாருக்குக் கணக்கு தப்புகிறது. பெண் வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் இருவருக்கும் மூச்சு வருகிறது.

"வந்துட்டியா? முதல்ல கதவைச் சாத்து!"

சாத்தியாகிவிட்டது. ஆபத்து வெளியே நின்றுவிட்டதா?

இல்லை என்கின்றன போலீஸ் கணக்குகள்.

2019-ம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான பாலியல் பலாத்கார வழக்குகள் 32 ஆயிரத்து 33. இவற்றில் 100-க்கு 94 வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்! உறவுக்காரன், அடுத்த வீட்டுக்காரன், வேலை கொடுத்தவன், சிநேகிதன், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன்... முன்பின் தெரியாத ஆள் மீது பதிவானவை 100-க்கு ஆறுதான்.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்சில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையில் நாடே கொதித்தது. அடுத்த ஆண்டே சட்டம் கடுமையாக்கப்பட்டது. அந்த ராத்திரியை யாரும் மறக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, பெற்றவர்களின் பயமெல்லாம் பஸ்சிலும் இருட்டுச் சந்திலுமே நின்றுவிட்டது.

கேட்டும் உண்டு, காவலாளியும் உண்டு!

2018-ல் சென்னையையே உலுக்கிய வழக்கு ஒன்று. கேட், காவலாளி, லிப்ட் எல்லாம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்தி. காது கேட்பதில் குறை உள்ளவள். மாதக்கணக்கில் அவளைச் சீரழித்தவர்கள் சுவர் ஏறிக் குதித்து வந்தவர்கள் அல்ல. லிப்ட் இயக்கியவர், காவலுக்கு நின்றவர், குழாய் ரிப்பேர் செய்தவர் என்று அங்கேயே வேலை பார்த்தவர்கள்!

சிறுமியின் வாயை மிரட்டியே அடைத்திருந்தார்கள். கடைசியில் அவள் அக்காவிடம் சொன்னாள். 17 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் சென்னை போக்சோ சிறப்புக் கோர்ட்டு 15 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. அவர்களில் 5 பேருக்கு ஆயுள் தண்டனை.

எத்தனை பூட்டு போட்டு என்ன? சாவிக்கொத்து வைத்திருந்தவர்களே குற்றவாளிகள்!

"நமக்குள்ள இருக்கட்டும்"

இது ஏதோ எங்கோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12 ஆயிரத்து 447 குழந்தைகளிடம் கேட்கப்பட்டது. ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். பாதிக்கு மேல்! அதில் பையன்களும் உண்டு. பெண் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்படிப்பட்டவன் எடுத்த எடுப்பில் கையைப் பிடித்து இழுப்பதில்லை. முதலில் வீட்டாரின் நம்பிக்கையைப் பிடிக்கிறான். "நான் கொண்டுபோய் விடுறேன், நீங்க வேலையைப் பாருங்க" என்கிறான். பிள்ளைக்கு மிட்டாய் வருகிறது, விளையாட செல்போன் வருகிறது. பிறகு ஒரு ரகசியம் வருகிறது. "அம்மாகிட்ட சொல்லாதே, நமக்குள்ள இருக்கட்டும்." அந்த ரகசியம்தான் பொறி. அப்புறம் மிரட்டல்.

நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறதா? விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பியிருக்கிறதா? குறிப்பிட்ட ஒருவர் வந்தால் மட்டும் உள்ளே ஓடி ஒளிகிறதா? "ஏன்?" என்று உட்கார வைத்துக் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

தாலி கட்டியவனே...

பெரியவர்கள் கதையும் வேறல்ல. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன கல்யாணமான பெண்களில் 100-க்கு 82 பேர் கை காட்டியது இப்போதைய கணவனை! 18 வயதைத் தாண்டிய மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால், அதைப் பலாத்காரக் குற்றமாக நமது குற்றவியல் சட்டம் இன்றுவரை கருதவில்லை. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில்தான் அவளுக்குப் பாதுகாப்புக் கேட்க வழி இருக்கிறது.

குடி எவ்வளவு தூரம் காரணம்? அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவன்மார்களின் மனைவிகளில் 100-க்கு 70 பேர் அடிஉதையோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார்கள் என்கிறது அதே கணக்கெடுப்பு. குடிக்காத கணவன்மார்களின் மனைவிகளில் இது 23. குடி நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறது என்பது உண்மை. ஆனால் "போதையில செஞ்சிட்டான்" என்று சொல்லித் தப்ப முடியாது. சொட்டுக்கூடக் குடிக்காதவன் வீட்டிலும் நாலில் ஒருத்தி அழுகிறாளே!

தகப்பன் தாயை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சின்ன வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பெண்கள், கைச்செலவுக்கும் ஒருவனையே நம்பி இருப்பவர்கள், உடல் ஊனம் உள்ளவர்கள்... இவர்களுக்கு ஆபத்து அதிகம். எதிர்த்துப் பேச முடியாதவர்கள் என்று தெரிந்துதான் கை நீள்கிறது. தாவணியா சுடிதாரா என்று பார்த்து அல்ல.

பழமொழியும் கூட்டாளி

"ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "முள் மேலே சேலை விழுந்தாலும், சேலை மேலே முள் விழுந்தாலும் சேலைக்குத்தான் சேதம்" என்று பெண்ணைப் பெற்றவளே சொல்கிறாள். முள்ளை வெட்டுவது பற்றிப் பேச்சே இல்லை.

பத்திரிகைகளும் வெகுகாலம் "கற்பழிப்பு" என்றே எழுதின. குற்றம் செய்தது அவன். அழிந்துபோனது அவள் கற்பாம்! இந்தப் பேச்சையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் எப்படி வாய் திறப்பாள்? அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 100-க்கு 14 பேர்தான். 77 பேர் உதவியும் தேடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை என்கிறது கணக்கெடுப்பு. போலீஸ் கணக்கில் வருவது மீதிப் பேரிலும் ஒரு பகுதிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2012 நவம்பர் 14 முதல் போக்சோ சட்டம் இருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை ஜெயில். "குடும்ப மானம்" என்று மூடி மறைக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்தடிக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம். கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வர வேண்டும், யூனிபாரம் போடாமல்! குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது.

எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் முதல் சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் போலீஸ் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில்தான் திறக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. போன் செய்யக் காசு வேண்டாம்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது படி. முதல் படி வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

கதவைச் சாத்திய பிறகு பெண்ணிடம் "ஏன் லேட்டு?" என்று மட்டும் கேட்டால் போதாது. "யாராவது உனக்குப் பிடிக்காத மாதிரி நடந்துக்கிட்டாங்களா? யாரா இருந்தாலும் சொல்லு, உன்னைத் திட்ட மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்கலாம்.

பிள்ளை ஒரு பெயரைச் சொன்னால், "அவரா? சேச்சே, இருக்காது!" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

அந்தப் பிள்ளை இரண்டாவது தடவை சொல்லாது.