நாற்பத்து நான்கில் பத்து

2014ஆம் ஆண்டில் ஒரு முற்பகல், கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அங்கே நள்ளிரவு கடந்த வேளை. தங்கையின் மகன், என் மடியிலிருந்து பெருக்கல் வாய்பாடு படித்த பிள்ளை. அகாலத்தில் அழைப்பு வந்தால் மரணச் செய்தி என்றே நம்மவர் நெஞ்சு துணுக்குறும். அவனோ, “மாமா, என்னட்டை ரெண்டு ஆஸ் இருந்தது. மற்றவனிட்டை ரெண்டு ராசா. காசு முழுக்க நடுவிலை. கடைசிக் கடுதாசி ராசாவாய் விழுந்திட்டுது” என்றான். ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது.

முப்பது ஆண்டு கணிதம் கற்பித்த எனக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த மொழி ஒன்றே. “தம்பி, இரண்டு ஆஸ் இரண்டு ராசாவை நூற்றுக்கு ஏறத்தாழ 82 தடவை வெல்லும். மீதி 18 தடவை தோற்கத்தானே வேண்டும்?” என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், “அந்தக் கணக்குத் தெரிஞ்சபடியால்தான் மாமா நோகுது” என்றான்.

இந்த விடை என்னை நெடுநாள் விடவில்லை.

அவன் ஆடியது எல்லையில்லாப் பந்தயப் போக்கர். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் மறைவாக இருக்கும். நடுவில் முதலில் மூன்று, பின் ஒன்று, பின் மற்றொன்று என ஐந்து சீட்டுகள் எல்லார்க்கும் பொதுவாகத் திறக்கப்படும். ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்ப்பவன் வெல்வான். இடையிடையே பந்தயம் வைக்கலாம். தன் முன்னுள்ள அனைத்தையும் எந்தக் கட்டத்திலும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடலாம் என்பதே ‘எல்லையில்லா’ என்னும் அடையின் பொருள். நம் ஊர்த் திண்ணைகளில் ஆடும் முந்நூற்றுநாலு இத்துணைக் கொடிதன்று. நிறமொன்றுக்கு 76 புள்ளி வீதம் நான்கு நிறத்துக்கும் 304 புள்ளி. தோற்றால் எதிரே இருக்கும் கூட்டாளியை ஏசி மனம் ஆறலாம். நானும் பலரை ஏசியிருக்கிறேன். போக்கரிலோ கூட்டாளி இல்லை. நடுவில் விழுந்த ஒரு கடுதாசித் துண்டை ஏசி யாருக்கு ஆறும்?

மருமகன் எனக்கு ஓர் ஒளிப்பதிவைக் காட்டினான். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 2010ஆம் ஆண்டு நடந்த உலகப் போக்கர் தொடரின் தலைமைப் போட்டி அது. ஆளுக்குப் பதினாயிரம் டொலர் கட்டி 7,319 பேர் புகுந்த களத்திலே 15 பேரே எஞ்சியிருந்தனர். மற் அஃப்லெக் என்னும் இளைஞரின் கையில் இரண்டு ஆஸ். எதிரே ஜொனதன் துயமெல் என்னும் கனடியரின் கையில் இரண்டு ஜாக்கி. நடுவில் பத்து, ஒன்பது, ஏழு விழுந்தன. நான்காவதாக ராணி வந்தது. அஃப்லெக் தம்மிடமுள்ள அனைத்தையும் முன்னே தள்ளினார். துயமெல் நெடுநேரம் யோசித்து ஒப்பினார்.

கணிதம் பயிலும் மாணவர் இவ்விடத்தில் ஒரு கணம் நின்று பார்க்கலாம். 52 சீட்டில் இருவர் கையிலும் நடுவிலுமாக எட்டுத் தெரிந்துவிட்டன, மீதி 44. அவற்றுள் துயமெலைக் காப்பன நான்கு எட்டும், நான்கு ராசாவும், இரண்டு ஜாக்கியும். ஆகப் பத்து. நாற்பத்து நான்கில் பத்து என்றால் நூற்றுக்கு 23க்குச் சற்றுக் குறைவு. கடைசிச் சீட்டு எட்டு. அஃப்லெக் கலங்கிய முகத்துடன் எழுந்து மண்டபத்தைவிட்டுச் சென்றார். 15ஆம் இடத்துக்குரிய பரிசு 5 இலட்சம் டொலர் அவருக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில் அது அவர் கண்ணிற் பட்டிராது. அவ்வாண்டு நவம்பரில் துயமெல் பட்டம் வென்று 89 இலட்சம் டொலருக்கு மேற் பெற்றார்.

காட்சியை மூன்று தடவை பார்த்த பின்புதான் மருமகனின் விடை எனக்கு விளங்கியது. கணக்கறியாதவன் தோற்றால் தலைவிதி என்று சொல்லித் துண்டை உதறிவிட்டுப் போவான். கணக்கறிந்தவனோ 82 என்னும் எண்ணைத் தனக்கு எழுதித் தரப்பட்ட உறுதியாகக் கொண்டுவிடுகிறான். உறுதி நிறைவேறாதபோது தன் பொருளை யாரோ களவெடுத்ததாக அவனுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அந்த எண் அவனுக்கு எதையும் தரவில்லை. இரண்டு ஆஸ் 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை என்ற அளவிலேயே கைக்கு வரும். வந்து, எதிரே இரண்டு ராசா அமையும் நிலை ஐந்து தடவை நேர்ந்தால், ஐந்திலும் ஆஸே வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 37தான். நெடுங்காலம் ஆடுபவன் இந்த அடியைப் பட்டே ஆகவேண்டும். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன். ஒரு நாளாவது அது எவருக்கும் நோகக்கூடும் என்று எண்ணியதில்லை.

அடியைவிட அடுத்த ஒரு மணி நேரமே கொடியது. போக்கர்க்காரர் அதை ‘டில்ட்’ என்பர். பின்போல் என்னும் விளையாட்டு இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் இச்சொல்லைக் காட்டி அது இயங்க மறுத்துவிடும். சொல் அங்கிருந்து வந்தது. நட்டத்தோடு சமாதானம் செய்துகொள்ளாத மனிதன், மற்ற வேளையில் ஏற்காத பந்தயங்களையும் ஏற்கத் துணிவான் என்று டானியல் கானெமன், ஏமொஸ் ற்வேர்ஸ்கி என்னும் உளவியலாளர் இருவர் 1979இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே எழுதினர். அவர்கள் என் மருமகனை அறியார். ஆனால், அந்த இரவில் அவன் வீட்டுக்குப் போகவில்லை. இன்னும் பெரிய பந்தய மேசையில் அமர்ந்து, விடியுமுன் மேலும் மூன்று மாதச் சம்பளத்தை இழந்தான். எனக்கு அழைத்தது இரண்டுக்கும் இடையில். பிற்பகுதியை அவன் சொல்ல ஆறு மாதம் சென்றது. சொன்னபோதும் இரண்டையும் சேர்த்து ‘அண்டைக்கு விதி சரியில்லை’ என்றே சொன்னான். அங்கேதான் நான் கோபித்தேன். முதலாவது விதி, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது அவனேதான்.

நளன் கதையைச் சூதின் கேட்டுக்குச் சான்றாகவே மாணாக்கருக்குச் சொல்லி வருகிறோம். அதன் பிற்பகுதியில் ஒரு சிறு நிகழ்ச்சியுண்டு. தேரோட்டியாக மறைந்து வாழும் நளனுக்கு, இருதுபன்னன் வழியிலே நின்ற ஒரு தான்றி மரத்தைப் பார்த்த அளவில் அதன் எண்ணிக்கையைச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கச் சரியாயிருக்கிறது. பண்டைச் சூதில் தான்றிக் காய்களே கவறாயின என்பதை நினைத்தால் அம்மரம் அங்கு நின்றது தற்செயலன்று. பரிநூலைக் கொடுத்து எண்நூலைப் பெற்றதும் கலி அவனை விட்டு நீங்குகிறான். நாடு மீண்டது அதற்குப் பின்னர். இழந்ததில் ஒரு காசும் திரும்பு முன்பே கலி போய்விட்டான் என்பது, பல ஆண்டு இக்கதையைக் கேட்டும் சொல்லியும் வந்த எனக்கு, மருமகனுக்காகத் தேடியபோதே கண்ணிற் பட்டது.

அவனுக்கு ஒரு கொப்பியில் இரண்டு கோடு கீறி வைக்கச் சொன்னேன். ஒன்றில், சீட்டு விழுமுன் செய்தது சரியா பிழையா என்பது. மற்றொன்றில் வந்த காசு, போன காசு. இரண்டையும் ஒரே நாளிற் பார்க்கக் கூடாது. இது என் கண்டுபிடிப்பன்று. பயனைக் கொண்டு செயலை எடைபோடும் பிழையைப் பற்றிப் போக்கர் ஆட்டக்காரியாயிருந்த ஆனி டியூக் 2018இல் ஒரு நூலே எழுதினார். தேர்ந்தவர் பலகாலமாக இவ்வாறு குறித்து வருகின்றனர். மேசைக்குக் கொண்டுபோகும் தொகையைப் போல் இருபது முப்பது மடங்கு ஒதுக்கில் இல்லாதவன் எல்லையில்லாப் பந்தயத்துக்கு அமரலாகாது என்பதும் அவர்கள் வழக்கு. வாடகைக் காசோடு அமர்ந்தவனுக்கு எந்தக் கொப்பியும் உதவாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் மண்டபத்துக்காரன் தன் பங்கை எடுத்துக்கொள்கிறான் என்பதையும் கொப்பியில் எழுதச் சொன்னேன். அதை அவன் விரும்பவில்லை.

ஆட்டத்தையே விடச் சொல்லியிருக்கலாமே என்று தங்கை என்னோடு இன்றும் மனத்தாங்கல் கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. அவனோ முன்னையிற் காற்பங்கு தொகையோடு மாதம் இரு தடவை ஆடுகிறான்.

சென்ற தைப்பொங்கலன்று அழைத்தவன், பேச்சோடு பேச்சாக, முதல் நாள் இரவு மறுபடியும் இரண்டு ஆஸோடு தோற்றதைச் சொன்னான். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. பிறகு என்ன செய்தாய் என்றுதான் கேட்டேன்.

“எழும்பி வீட்டை வந்து, புட்டு அவிச்சுச் சாப்பிட்டிட்டுப் படுத்திட்டன் மாமா” என்றான்.